வாயில் காப்போனின் தண்டம்: பனித்தரை ஹொக்கி வரலாற்றில் ஓர் ஆராய்ச்சி

விளையாட்டின் வரலாறு வென்றோர் தோற்றோர் பெயர்ப்பட்டியல் மாத்திரம் அன்று. ஒரு சமுதாயம் எதனைக் குற்றமெனக் கொள்கின்றது, அக்குற்றத்துக்குரிய தண்டனையை எவர் தலையிற் சுமத்துகின்றது என்பனவற்றையும் அதன் ஆட்ட விதிகளிற் காணலாம். நாட்டின் சட்டங்கள் மெல்ல மாறுவன. ஆட்ட விதிகளோ பருவந்தோறும் திருத்தம் பெறுவன. ஆதலின் சட்டத்துக்கும் மனித நடத்தைக்குமுள்ள தொடர்பை அறிய விரும்பும் மாணவனுக்கு விளையாட்டரங்கு ஒரு சிறு சோதனைச்சாலை போல உதவும். இக்கருத்தை மனத்திற்கொண்டு, பனித்தரை ஹொக்கியில் முரட்டாட்டத்தாற் பெயர்பெற்ற கோல்காப்பாளர் சிலரின் வரலாற்றை ஈண்டு ஆராய்வாம்.

நெடுங்கேணியில் இருந்துகொண்டு பனித்தரை ஹொக்கியைப் பற்றி எழுதுவானேன் என்று சிலர் வினவக்கூடும். எமது குளங்கள் கோடையில் வற்றுவதுண்டு, உறைவதில்லை. பனிக்கட்டி என்பது எமக்குக் கடையிற் குளிர்பானத்தோடு காணும் பொருளேயன்றிக் காலூன்றி ஓடும் தரையன்று. ஆயினும் 1983ஆம் ஆண்டின் பின்னர் வன்னிப் பெருநிலத்திலிருந்து புலம்பெயர்ந்த குடும்பங்கள் பல கனடாவில், சிறப்பாக ரொறன்ரோவிலும் அதன் பகுதியாகிய ஸ்காபரோவிலும் வாழ்ந்து வருகின்றன. அந்நாட்டு மாரிகாலத்திற் பள்ளியிலும் தெருவிலும் வீட்டிலும் பேசப்படுவது இவ்விளையாட்டே. எம் உற்றாரின் பிள்ளைகள் கண்டும் ஆடியும் வளரும் ஒன்றை நாமும் அறிந்திருத்தல் தகும். அன்றியும், காவல் புரிவோனுக்கு எவ்வளவு வன்மை தகும் என்னும் வினா எந்த ஊருக்கும் உரிய வினாவாகும்.

ஆட்டத்தின் இயல்பு

புற்றரை ஹொக்கியை நாம் அறிவோம். அதனையே உறைந்த தரையில், அலகு பொருத்திய சப்பாத்தணிந்து வழுக்கி ஓடி ஆடுவதாக எண்ணிக்கொண்டால் இவ்வாட்டத்தின் உருவம் ஒருவாறு புலப்படும். பந்துக்குப் பதிலாக இறப்பர் வட்டு ஒன்று பயன்படும். அதன் விட்டம் 3 அங்குலம். தடிப்பு 1 அங்குலம். நிறை ஏறத்தாழ 6 அவுன்சு. வல்ல வீரன் அடிக்கும்போது அது மணிக்கு 100 மைலுக்கு மேற்பட்ட வேகத்திற் பறப்பதுண்டு. களத்தில் ஒரு பக்கத்துக்கு அறுவர். அவருள் ஒருவர் கோல்காப்பாளர். அவர் காக்கும் வாயில் 6 அடி அகலமும் 4 அடி உயரமும் உடையது. ஏனையோரின் மட்டையிலும் அவருடைய மட்டை அகலமானது, பாரமானது. கட்டடத்தினுள் ஒழுங்குமுறையாக நடைபெற்ற முதலாட்டம் என வரலாற்றாசிரியர் குறிப்பது 1875ஆம் ஆண்டு மார்ச் 3ஆந் திகதி மொன்றியல் நகரில் நிகழ்ந்தது. இன்று உலகின் முதன்மைப் போட்டியமைப்பாக விளங்கும் தேசிய ஹொக்கி லீக் 1917ஆம் ஆண்டு நவம்பரில் அந்நகரிலேயே தோன்றியது.

இவ்வாட்டத்தில் எதிரியைத் தோளால் இடித்து வட்டினின்று விலக்குதல் விதிக்கு அமைந்ததே. எல்லை மீறினாற் குற்றவாளி 2 நிமிடமோ 5 நிமிடமோ களத்துக்குப் புறத்தேயுள்ள தண்டனைக் கூட்டில் அமர்தல் வேண்டும். அதுவரை அவருடைய அணி ஓராள் குறைவாக ஆடும். கோல்காப்பாளரை இடித்து வீழ்த்துதல் மாத்திரம் எவருக்கும் ஆகாது. அவர் வட்டின்மீது கண் வைத்து நிற்பவர். தம்மைத் தாக்க வருவோனைக் கவனித்து விலக இயலாதவர். அவரை மெலியவராகக் கருதியே விதி அவருக்கு அரண் அமைத்தது. இந்த அரணே பிற்காலத்தில் வேறொரு விளைவைத் தந்தது என்பதை இனிக் காண்போம்.

தன் குற்றத்தைத் தானே சுமந்த காலம்

தொடக்க காலத்திற் கோல்காப்பாளருக்கு இருந்த சலுகைகள் மிகச் சில. லீக் தோன்றியபோது அவர் நின்றவாறே வட்டைத் தடுத்தல் வேண்டும் என்பது விதி. வேண்டுமென்றே தரையில் வீழ்ந்து தடுத்தாற் குற்றம். ஒட்டாவா அணியின் காப்பாளர் கிளின்ற் பெனடிக்ற் அடிக்கடி முழந்தாளிட்டு வீழ்ந்து, தற்செயலாக வழுக்கியதாகக் காட்டிக்கொண்டார். வழிபாட்டுக்கு மண்டியிடுபவர் போன்றவர் என இரசிகர் அவரை நகையாடினர். இறுதியில் 1918ஆம் ஆண்டு சனவரியில் லீக் அவ்விதியைக் கைவிட்டது. மனிதன் விதியை வளைக்க, விதி மனிதனுக்கேற்ப வளைந்தது.

ஆனால் ஒரு விதி கண்டிப்பாகவே இருந்தது. குற்றஞ் செய்த காப்பாளர் ஏனையோரைப் போலத் தாமே தண்டனைக் கூட்டுக்குச் செல்லல் வேண்டும். 1923ஆம் ஆண்டு ஸ்ரான்லிக் கிண்ண இறுதிப் போட்டியில் எட்மன்ரன் அணிக்கு எதிராக ஒட்டாவா ஆடியபோது, அதே பெனடிக்ற் மட்டையால் அடித்த குற்றத்துக்காகக் களத்தினின்று நீங்க நேர்ந்தது. கிங் கிளான்சி என்னும் இளம் வீரர் அவருடைய இடத்தில் நின்று வாயிலைக் காத்தார். ஏனைய ஐந்து இடங்களிலும் அவர் அன்று ஆடியிருந்தமையால், ஒரே ஆட்டத்தில் ஆறு இடங்களிலும் நின்றவர் என்னும் பெருமை அவருக்கு உண்டாயிற்று. ஒட்டாவா 1-0 என வென்று கிண்ணத்தைக் கைப்பற்றியது.

எல்லாருக்கும் கிளான்சிக்கு வாய்த்த நல்லூழ் வாய்க்கவில்லை. 1932ஆம் ஆண்டு மார்ச் 15ஆந் திகதி பொஸ்ரன் நகரில் ரொறன்ரோ அணியின் காப்பாளர் லோர்ன் ஷபோ, எதிரணி வீரர் ஒருவரை இடறி வீழ்த்தியமைக்காக 2 நிமிடம் வெளியேற்றப்பட்டார். அவ்விரு நிமிடத்துள் ரொறன்ரோ வீரர் மூவர் ஒருவர்பின் ஒருவராக வாயிலில் நின்றனர். மூவரும் ஒவ்வொரு கோல் விட்டனர். அம்மூவருள் ஒருவர் அதே கிளான்சி. ஒட்டாவாவிற் புகழ் தந்த வேலை பொஸ்ரனில் நகைப்புக்கு இடமாயிற்று. பொஸ்ரன் 6-2 என வென்றது.

பிறர் சுமந்த தண்டனை

இத்தகைய நிகழ்ச்சிகள் கண்டார்க்கு வேடிக்கையாயினும் ஆட்டத்தைச் சீர்குலைத்தன. காப்பாளர் ஒருவரின் சிறு குற்றம் ஓர் அணியின் முழு ஆட்டத்தையும் அழித்தல் நீதியோ என்னும் கேள்வி எழுந்தது. எனவே விதி படிப்படியாக நெகிழ்ந்தது. 1932-33 பருவத்திலே காப்பாளருக்குப் பதிலாக நிற்பவரை அணியின் முகாமையாளர் நியமிக்கலாம் என விதிக்கப்பட்டது. 1939-40 பருவத்திலே அவ்வாறு நிற்பவர் காப்பாளரின் மட்டையையும் கையுறையையும் பயன்படுத்தலாம் எனச் சொல்லப்பட்டது. பின்னர், காப்பாளர் தம் இடத்திலேயே நிற்க, அவர் பெற்ற தண்டனையைச் சக வீரர் ஒருவர் கூட்டில் அமர்ந்து கழிக்கும் முறை நிலைபெற்றது. இன்றும் அதுவே நடைமுறை. மிகக் கொடிய குற்றம் புரிந்து ஆட்டத்தினின்றே நீக்கப்பட்டாலன்றிக் காப்பாளர் தம் வாயிலை விட்டகல வேண்டியதில்லை.

ஈண்டு ஒரு சொல்லைக் கருதல் நலம். தண்டம் என்னும் சொல் எம் வழக்கிற் கையில் ஏந்தும் கோலையும் குறிக்கும். குற்றத்துக்குரிய தண்டனையையும் குறிக்கும். கோலேந்தும் கை எதுவோ அக்கையே அதன் பொறுப்பையும் ஏந்துதல் வேண்டும் என்பது செங்கோன்மையின் சாரம். பனித்தரை ஹொக்கியின் விதியோ இவ்விரண்டு தண்டங்களையும் பிரித்துவிட்டது. பாரமான மட்டை ஒருவர் கையில். தண்டனைக் கூடு மற்றொருவருக்கு. அணி ஓராள் குறைவதால் உண்டாகும் நட்டம் உண்மையே. ஆயினும் அடித்தவர் தனித்து அமர்ந்து நாணும் அந்த 2 நிமிடம் அவருக்கு இல்லாதொழிந்தது. எவரும் அவரை இடித்தலாகாது. அவர் அடித்தால் அவர் அகலார். மெலியவர் என எண்ணி அளித்த காப்பு வலியவருக்குக் கவசமாயிற்று.

முகமும் எல்லையும்

இவ்வாறு கூறுவதால் காப்பாளரின் இடர்களை நாம் குறைத்து மதிப்பிடுதலாகாது. நெடுங்காலம் அவர்கள் முகமூடியின்றியே நின்றனர். 1930ஆம் ஆண்டிற் பெனடிக்ற் முகத்திற் காயமுற்றபின் தோலாலான முகமூடியொன்றைச் சிறிதுகாலம் அணிந்தார், அது நிலைக்கவில்லை. 1959ஆம் ஆண்டு நவம்பர் 1ஆந் திகதி நியூயோர்க்கில் அன்டி பாத்கேற் அடித்த வட்டு மொன்றியல் காப்பாளர் ஜாக் பிளாந்தின் முகத்தைக் கிழித்தது. காயத்தைத் தைத்துக்கொண்ட பிளாந், முகமூடி அணிந்தே மீண்டும் நிற்பேன் என்றார். பயிற்றுநர் உடன்பட வேண்டியதாயிற்று. அன்றுதொட்டு முகமூடி பரவியது. அஃதின்றி ஆடிய கடைசிக் காப்பாளர் பிற்ஸ்பேர்க் அணியின் அன்டி பிறவுண். 1974ஆம் ஆண்டு ஏப்பிரலோடு அவ்வழக்கம் லீக்கில் முடிவுற்றது. அப்பருவத்தில் அவர் பெற்ற தண்டனை 60 நிமிடம். அது அன்றைய நிலையிற் காப்பாளர் ஒருவர் பெற்றவற்றுள் மிக உயர்ந்ததாகும். முகத்தை மறையாது நின்றவரே முரண்டிலும் முதல்வராயிருந்தமை கருதத்தக்கது.

முகத்தை அடுத்து எல்லை. வாயிலின் முன் தரையில் வண்ணக்கோட்டாற் குறிக்கப்படும் சிறு பரப்பு காப்பாளருக்கு உரியது. அது 1951-52 பருவத்தில் 3 அடிக்கு 7 அடி என்பதிலிருந்து 4 அடிக்கு 8 அடியாக விரிக்கப்பட்டது. ஆயினும் எதிரணியினர் அவ்விடத்தில் வந்து நின்று காப்பாளரின் பார்வையை மறைப்பர், கையைத் தட்டுவர். நடுவரின் கண் வட்டோடு ஓடும். இச்சிறு பூசல்களைக் காண்பதரிது. எல்லை உண்டு, அதனைக் காத்துத் தருவார் இல்லை என்னும் நிலையிற் சில காப்பாளர் தம் மட்டையையே சட்டமாக்கிக் கொண்டனர்.

பில்லி ஸ்மித்

அவருள் முதற்கண் வைத்தெண்ணத் தக்கவர் நியூயோர்க் ஐலண்டர்ஸ் அணியின் பில்லி ஸ்மித். 1950ஆம் ஆண்டு ஒன்ராறியோ மாகாணத்துப் பேர்த் என்னும் ஊரிற் பிறந்தவர். 1972ஆம் ஆண்டு புதிதாகத் தோன்றிய அவ்வணியிற் சேர்ந்தார். தம் எல்லையுள் நிற்பவனின் கணுக்காலையும் முழங்காலின் பின்புறத்தையும் மட்டையால் அடித்து அகற்றுதல் அவர் வழக்கம். கோடரிக்காரர் என்னும் பொருள்படும் பட்டப்பெயர் அவருக்கு வழங்கிற்று.

1980 முதல் 1983 வரை அவ்வணி தொடர்ந்து நான்கு முறை ஸ்ரான்லிக் கிண்ணத்தை வென்றது. நான்காவது வெற்றி எட்மன்ரன் அணிக்கு எதிரானது. உவேயின் கிறெற்ஸ்கியின் தலைமையிற் கோல்களைக் குவித்துவந்த அவ்வணி, நான்கு ஆட்டங்களில் ஸ்மித்தைக் கடந்து ஆறு கோல்களையே பெற முடிந்தது. முதலாட்டத்தில் அவர் கிளென் அன்டர்சனை மட்டையால் அடித்தார். இரண்டாவதிற் கிறெற்ஸ்கியும் அடிபட்டார். எட்மன்ரன் நகரமே அவரை வசைபாடியது. நான்காவது ஆட்டத்தில் அன்டர்சன் சற்றே உரசியபோது ஸ்மித் பெருங்காயம் பட்டவர்போல் வீழ்ந்தார். அன்டர்சனுக்கு 5 நிமிடத் தண்டனை கிடைத்தது. அது நடிப்பே எனப் பின்னர் ஸ்மித் வாய்விட்டுரைத்தார். தொடரின் மிகச் சிறந்த வீரருக்குரிய கொன் ஸ்மைத் பரிசு அவருக்கே வழங்கப்பட்டது. தொடர் முடிவில் இரு அணியினரும் வரிசையாக நின்று கைகுலுக்கும் மரபில் அவர் கலந்துகொள்வதில்லை. 1993ஆம் ஆண்டு புகழ்மண்டபத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது.

ஸ்மித்தின் வன்மையிற் கணக்கு இருந்தது. அது பெரும்பாலும் தம் வாயிலின் முன் வந்தவர்மேற் சென்றது. அச்சத்தை ஓர் ஆயுதமாக அவர் கையாண்டார். அந்நடிப்பும் அவ்வகையினதே.

றொன் ஹெக்ஸ்ரோல்

அடுத்த தலைமுறையில் எழுந்தவர் பிலடெல்பியா அணியின் றொன் ஹெக்ஸ்ரோல். 1964ஆம் ஆண்டு மனிற்றோபா மாகாணத்துப் பிறன்டனிற் பிறந்தவர். பாட்டனார் பிறயன் ஹெக்ஸ்ரோல் 1940ஆம் ஆண்டு நியூயோர்க் றேஞ்சர்ஸ் அணிக்குக் கிண்ணத்தைத் தந்த கோலை அடித்தவர். தந்தையும் சிறிய தந்தையும் லீக்கில் ஆடியவரே. மூவரும் முன்னின்று தாக்கும் வீரர். பேரன் மாத்திரம் வாயிலைத் தேர்ந்தார். ஆயினும் குலத்தின் இயல்பு அவரை வாயிலில் அடங்கியிருக்க விடவில்லை. வட்டைத் தாமே எடுத்து முன்னே செலுத்துவதில் அவர் வல்லவர். 1987ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆந் திகதி பொஸ்ரன் அணிக்கு எதிராக, காப்பாளர் நீங்கிய வெற்று வாயிலை நோக்கித் தம் வாயிலிலிருந்தே வட்டை அடித்துக் கோலாக்கினார். இவ்வாறு தாமே குறிவைத்தடித்துக் கோல் பெற்ற முதற் காப்பாளர் அவரே. 1979ஆம் ஆண்டில் ஸ்மித்தின் பெயரிற் பதிவான கோல், எதிரணியினர் தம் வாயிலிலேயே தவறிச் செலுத்தியது.

1986-87 அவருடைய முதற் பருவம். மிகச் சிறந்த காப்பாளருக்குரிய வெசினா பரிசையும், தோற்ற அணியில் இருந்தும் கொன் ஸ்மைத் பரிசையும் அவர் பெற்றார். அதே இறுதித் தொடரின் நான்காவது ஆட்டத்தில் எட்மன்ரன் வீரர் கென்ற் நில்சனின் கால்களை இரு கையாலும் மட்டை ஓங்கி அடித்தார். சற்றுமுன் அவரை அடித்தவர் நில்சன் அல்லர், அன்டர்சன். சினங்கொண்டு எழுந்தபோது கண்ணிற் பட்டவர் நில்சன். இதற்காக அடுத்த பருவத்தின் முதல் 8 ஆட்டங்கள் அவருக்குத் தடைசெய்யப்பட்டன.

1989ஆம் ஆண்டு மே மாதத்தில் மொன்றியலுடன் நடந்த தொடரின் முதலாட்டத்திற் கிறிஸ் செலியோஸ் இடித்ததாற் பிலடெல்பியா வீரர் பிறயன் புறொப் உணர்விழந்து வீழ்ந்தார். அந்த வஞ்சம் ஆறாவது ஆட்டத்தின் இறுதி நிமிடங்கள் வரை ஆறவில்லை. தோல்வி உறுதியானதும் ஹெக்ஸ்ரோல் வாயிலை விட்டுப் பாய்ந்து செலியோசைத் தாக்கினார். இம்முறை 12 ஆட்டங்கள் தடை. அப்பருவத்தில் அவர் பெற்ற தண்டனை 113 நிமிடம்; காப்பாளர் வரலாற்றில் அதுவே உச்சம். முந்திய இரு பருவங்களிலும் 104 நிமிடங்கள் பெற்றிருந்தார். அந்நிமிடங்களுட் பெரும்பகுதியைக் கூட்டில் அமர்ந்து கழித்தவர் அவருடைய தோழர்கள் என்பதை மறத்தலாகாது. தவறு செய்யாத நில்சன் அடிபட்டதும், தவறு செய்யாத தோழர் கூட்டில் அமர்ந்ததும் ஒரே குழப்பத்தின் இரு பக்கங்களாம்.

ஆட்டத் தடை மாத்திரம் அவர் தலைமேலேயே வீழ்ந்தது. அதனைப் பிறர் சுமத்தல் இயலாது. 1989-90 பருவத்திலே தடையாலும் காயங்களாலும் அவர் ஆடியவை 8 ஆட்டங்களே. அதன்பின் 1999இல் ஓய்வுபெறும்வரை எந்தப் பருவத்திலும் அவர் 100 நிமிடத்தை எட்டவில்லை. காயமும் வயதும் இதற்குத் துணைக்காரணங்களாகலாம். ஆயினும் தண்டமும் தண்டனையும் ஒரே கையில் மீண்டும் சேர்ந்தபோது நடத்தை மாறியது என்பதைப் புறக்கணித்தல் இயலாது.

பிற ஆட்டங்களோடு ஒப்புநோக்கல்

முரடு அந்தப் பதவிக்கே உரிய இயல்பு, அதற்கு விதி என் செய்யும் என்பார் உளர். அவர் இந்தியாவின் சங்கர் லக்ஷ்மணனை நினைத்தல் வேண்டும். புற்றரை ஹொக்கியில் 1956, 1960, 1964ஆம் ஆண்டு ஒலிம்பிக் போட்டிகளில் இந்திய வாயிலைக் காத்த இப்படைவீரர், முகமூடியின்றியே வன்பந்தை எதிர்கொண்டார். தோக்கியோ இறுதியாட்டத்திற் பாகிஸ்தானை 1-0 என வென்றபோது அவருடைய உறுதியே பேசப்பட்டது. இடர் அவருக்கும் இருந்தது. ஆயின் அவ்வாட்டத்தின் விதி வேறு. அங்கு வெளியேற்றப்படும் காப்பாளர் தாமே வெளியேறுவர். வட்டத்துள் வேண்டுமென்றே குற்றஞ் செய்தால், அவர் காக்கும் வாயிலே இன்று பெனால்ரி அடிக்குத் திறந்துவிடப்படும்.

உதைபந்தாட்டத்திற் பெனால்ரி உதை 1891ஆம் ஆண்டு விதியாயிற்று. அதனை முன்மொழிந்த அயர்லாந்தின் வில்லியம் மக்றம் தாமே ஒரு கோல்காப்பாளர் என்பது வியப்புக்குரியது. ஆனால் விதி ஏட்டில் இருந்தாற் போதாது. 1982ஆம் ஆண்டு உலகக் கிண்ண அரையிறுதியில் மேற்கு ஜேர்மனியின் காப்பாளர் ஷூமாக்கர் பாய்ந்து மோத, பிரான்சின் பற்றிஸ்ரன் பற்களை இழந்து உணர்வற்றுக் கிடந்தார். நடுவர் குற்றமெனவே கொள்ளவில்லை. மேற்கு ஜேர்மனி பெனால்ரி உதைகளால் வென்றது. விதியின் கண் மூடியவிடத்துக் காவல் கொடுமையாகும்.

இன்றைய நிலை

பனித்தரை ஹொக்கியில் முரட்டுக் காப்பாளர் இன்று அருகினர், அற்றுப்போகவில்லை. 1997ஆம் ஆண்டு மார்ச் 26ஆந் திகதி டிற்றோயிற் நகரிற் பற்றிக் றுவாவும் மைக் வேர்ணனும் களத்தின் நடுவிற் கைகலந்தனர். 2013ஆம் ஆண்டு நவம்பர் 1ஆந் திகதி பிலடெல்பியாவின் றே எமெரி களத்தின் முழுநீளமும் ஓடிச்சென்று, பொர விரும்பாத வொஷிங்ரன் காப்பாளர் ஹோல்ற்பியை அடித்தார். 29 தண்டனை நிமிடங்கள் பெற்றார். ஆயின் மேலதிகத் தடை எதுவும் விதிக்கப்படவில்லை. அன்று அவருடைய அணி 7-0 எனத் தோற்றது. 2023ஆம் ஆண்டு மார்ச்சிற் செயின்ற் லூயிஸ் காப்பாளர் ஜோர்டன் பினிங்ரனுக்கோ 2 ஆட்டங்கள் தடைசெய்யப்பட்டன.

எம்மூர்க் கிளித்தட்டிற் கோட்டிற் காவல் நிற்பவன் தன் கோட்டில் நின்றே எதிரியைத் தொடுதல் வேண்டும்; கோட்டைவிட்டுக் காலெடுத்துத் தொட்டால் அத்தொடுகை செல்லாது. காவலின் அதிகாரமும் அதன் எல்லையும் ஒரே கோட்டில் அமைந்திருத்தலை இதனிலும் எளிதாகக் காட்டுதல் அரிது. எம் ஆலயங்களின் வாயிலில் நிற்கும் துவாரபாலகரையும் நோக்குக. கோரைப்பல்லும் உருட்டிய விழியும் அச்சந் தருவன. ஒரு கையின் சுட்டுவிரல் எச்சரிக்கும். ஆனால் அவர் கதாயுதம் ஓங்கப்பட்டதன்று, ஊன்றப்பட்டது. காவலுக்கு வன்மை வேண்டும். அவ்வன்மை எச்சரிக்கையில் நின்றுவிடல் வேண்டும் என்பதே சிற்பியின் கருத்தாகலாம்.

ஸ்மித்தும் ஹெக்ஸ்ரோலும் பெருந்திறலோர். அவர்தம் புகழை மறுத்தல் எம் நோக்கமன்று. அவர் முரட்டுத்தனத்தை அவர் பிறவிக்குணம் என ஒதுக்கிவிடுதலும் வரலாற்று முறையன்று. காப்பாளருக்குக் கோலைக் கொடுத்துத் தண்டனையைப் பிறருக்குக் கொடுத்த விதியும் அதில் ஒரு பங்கு உடையது. எந்தக் காவலாயினும், ஊர்க்காவலாயினும் நாட்டுக்காவலாயினும், காப்போன் தன் செயலுக்குத் தானே விடைகூறும் நிலையில் இருக்கின்றானா என்பதே நாம் முதலிற் கேட்கவேண்டிய வினா. அவ்வினாவுக்கு விடை இல்லாத இடத்தில் வாயிலின் உட்புறத்தாரும் அஞ்சியே வாழ்வர்.